கொல்லைக் கோழி சாக்கடைத் தண்ணீர் குடிக்காமலிருக்க 11 குறிப்புகள்

சட்டி நிறையத் தண்ணீர் வைத்திருப்போம். கோழி அதை விட்டுவிட்டுச் சலதாரையில் போய் அலகை வைக்கும். 'சூ' என்று விரட்டினால் நாலடி நகரும். நாம் திரும்பியதும் மறுபடி அங்கேதான் நிற்கும். தாகம், அங்கே கிடைக்கும் இரை, நாம் வைத்த தண்ணீர் பிடிக்காமல் போவது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்துவிட்டால் கம்பும் கையுமாகக் காவல் இருக்க வேண்டியதில்லை.

1. கூட்டைத் திறக்கும் முன்பே தண்ணீர் வைத்துவிடுங்கள். இரவு முழுக்கக் குடிக்காத கோழி, வெளியே வந்ததும் கண்ணில் படுகிற தண்ணீரில் வாய் வைக்கும். சாயங்காலம் அடையப் போகும் முன்பும் குடிக்கும். அந்த நேரத்திலும் சட்டி காலியாக இருக்கக் கூடாது.

2. வளர்ந்த கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 200 முதல் 300 மில்லி குடிக்கும். கோடையில் இது இரண்டு மடங்காகும். பத்துக் கோழிக்குச் சாதாரண நாளில் 3 லிட்டர், சித்திரை வெயிலில் 6 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். ஒரே சட்டி என்றால் சேவலும் மூத்த பெட்டைகளும் இளசுகளைக் கொத்தி விரட்டும். விரட்டு வாங்கியது நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

3. வெயிலில் சுட்ட தண்ணீரைக் கோழி தொடாது. வாழையடியில் தேங்கிய குளிர்ந்த கழிவுநீர்தான் அப்போது அதற்கு இனிக்கும். மண்சட்டியை மர நிழலில் வைத்து, நண்பகலில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிளாஸ்டிக்கைவிட மண்சட்டியில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்.

4. சட்டியைத் தரையில் வைத்தால், மண்ணைக் கிளறுகிற காலாலேயே அதில் எச்சத்தையும் குப்பையையும் தள்ளிவிடும். இரண்டு செங்கல் அடுக்கி, விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வருமாறு வையுங்கள்.

5. காசு செலவில்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. 2 லிட்டர் பாட்டிலில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஓட்டையைவிட உயரமான விளிம்புள்ள தட்டில் நிறுத்துங்கள். விரலை எடுத்ததும் தண்ணீர் இறங்கி, ஓட்டை மூழ்கியதும் தானே நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க மறுபடி இறங்கும். மூடியில் காற்று புகுந்தால் தட்டு வழிந்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

6. சட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு தட்டினால் பாசி பிடித்துவிட்டது என்று அர்த்தம். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். இரண்டு சட்டி இருந்தால் ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது மற்றது வெயிலில் காயும்.

7. சலதாரைக்குக் கோழியை இழுப்பது பெரும்பாலும் சோற்றுப் பருக்கைதான். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு சல்லடை வைத்து, சேருகிற மிச்சத்தை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். வாய்க்கால் மேல் கடப்பைக்கல் துண்டோ கம்பி வலையோ போட்டு மூடலாம். தண்ணீர் தேங்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டிச் சரளைக்கல் நிரப்பினால் குளம் கட்டாது. கொசுத் தொல்லையும் குறையும்.

8. கருவாடு ஊறவைத்த தண்ணீர், மோர்மிளகாய், ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர் எல்லாம் உப்பு மிகுந்தவை. கோழிக்கு, அதிலும் குஞ்சுக்கு, அதிக உப்பு விஷம். முற்றத்தில் வீசி ஊற்றாமல் மூடிய வாய்க்காலில் விடுங்கள். ஆசிடோ பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழிவறை கழுவும் நாளில், அந்தத் தண்ணீர் வடிந்து முடியும்வரை கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள்.

9. தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கும் நாளில் கோழியை அவிழ்த்து விடவே வேண்டாம். தெளிப்பான் கழுவிய தண்ணீர், மருந்து கலக்கிய வாளி, யூரியா கரைத்த டிரம் மூன்றிலும் கோழி வாய் வைக்கும். வாளியைக் கவிழ்த்து, டிரம்மை மூடி வையுங்கள். மருந்து டப்பாவில் எத்தனை நாள் விலக்கு என்று போட்டிருக்கிறதோ, அதுவரை அந்தப் பாத்தியை வலையால் அடைத்துவிடுங்கள்.

10. குட்டையின் மேல் பச்சைப் பெயின்ட் ஊற்றிய மாதிரி ஏடு படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சு கக்கும். செத்த எலி, மீன் அழுகிக் கிடக்கும் தண்ணீரும் அதில் நெளியும் புழுவும் கழுத்தைத் துவளவைக்கும் போட்டுலிசம் நோயைத் தரும். காட்டு வாத்துகள் இறங்கும் நீர்நிலையில் பறவைக்காய்ச்சல் அபாயமும் உண்டு. இத்தகைய குட்டைப் பக்கம் மூன்றடி உயரத்துக்கு வலை கட்டுங்கள். பறக்கிற நாட்டுக்கோழி என்றால் ஆறடி தேவைப்படும். செத்த பிராணியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

11. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிரட்டை, பழைய டயர், உடைந்த தொட்டி எல்லாம் குடிநீர்த் தொட்டி ஆகிவிடும். வாரம் ஒருமுறை சுற்றிவந்து கவிழ்த்துவிடுங்கள். சட்டியைச் சுற்றித் தரை சொதசொதவென்று ஆனால் ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி பெருகும், குஞ்சுகள்தான் முதலில் விழும். அதனால் சட்டியை நாலு நாளுக்கொருமுறை இடம் மாற்றுங்கள். குஞ்சுக்கு ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றினால் மூழ்காது. மாட்டுக் கழனித்தொட்டிக்குப் பலகை மூடி போடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறிக் கோழி எதையோ குடித்துவிட்டு, கழுத்து துவண்டோ, தள்ளாடியோ, ரத்தமாகவோ பச்சையாகவோ கழிந்தோ நின்றால், தனியாகப் பிரித்து நல்ல தண்ணீர் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வெள்ளைக் கழிச்சல் நோயும் இதே மாதிரிதான் தெரியும்; தடுப்பூசி போட்ட தேதியையும் எந்தத் தண்ணீர் குடித்தது என்பதையும் சொல்லுங்கள். பூச்சிமருந்து என்று சந்தேகம் இருந்தால் டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தக் கோழியின் முட்டையும் கறியும் அடுப்படிக்கு வரக் கூடாது.