உப்புக் காற்று தின்ற தகடு

கேள்வி: மாமல்லபுரத்தில் ஓடிய 2012 மாடல் டீசல் ஸ்விஃப்ட், 1,60,000 கிலோமீட்டர். என்ன விலை கொடுக்கலாம்?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கிலோமீட்டரைவிடத் துருவுக்குப் பயப்படுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓடிய இன்ஜின் இன்னும் உழைக்கும். உப்புக் காற்று தின்ற தகடு அப்படியல்ல. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கதவுக்கு அடியில் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென உதிர்ந்தால் எந்த விலையும் அதிகம்தான். 'இன்ஜின் கல்லு மாதிரி இருக்கே' என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கலாம். அடித்தளம் போனால் ஒட்டுப்போட்டு மாளாது. தகடு உறுதி என்றால், அதே மாடலின் உள்ளூர் விலையிலிருந்து டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் செலவைக் கழியுங்கள். 2027-ல் 15 ஆண்டு முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்கத் தகுதிச் சோதனை, 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி எல்லாம் உண்டு, கிடைப்பதோ 5 ஆண்டு. அதையும் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.