சாமான் கடையில், ஆபத்து கலியாண வீட்டில்

நோன்புப் பெருநாள் கழிந்ததும் கலியாணங்கள் வரிசையாக வரும். பந்தல் போடுபவர், மேடை சோடிப்பவர், சமையல் பொறுப்பெடுப்பவர், லைட், சவுண்ட் கொடுப்பவர், முழு வைபவத்தையும் கையேற்று நடத்துபவர் என நம்மவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கின்றனர். முன்பணம் வாங்குவதிலும் திகதி குறிப்பதிலும் காட்டும் கவனத்தைக் காப்புறுதியில் காட்டுபவர்கள் குறைவு. நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு முறை அடிபட்ட பின்னரே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடங்களைத்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

வைபவச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் தொழில் எனக்கு வாப்பாவிடமிருந்து வந்தது. அவர் காலத்தில் இருந்தவை பெட்ரோமக்ஸ் விளக்கு, பாய், சஹன், கொஞ்சம் மரக் கதிரைகள் மட்டுமே. பின்னர் நான் பெரிய டென்ட்கள், பிளாஸ்டிக் கதிரைகள், மேடை அலங்காரம், ஜெனரேட்டர், ஒரு லொறி என்று பெருக்கினேன். வங்கியில் கடன் எடுத்தபோது அவர்கள் கேட்டதற்காகக் களஞ்சியத்துக்கு ஒரு தீக் காப்புறுதியும் எடுத்தேன். புயல், வெள்ளம் ஆகியவையும் அதில் சேர்ந்திருந்தன. பத்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, "எங்கட சாமானுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று பலரிடம் சொல்லியும் திரிந்தேன்.

2012 ஜூன் மாதம், மலைநாட்டில் காற்று வீசும் காலம். ஒரு வீட்டு வளவில் வலீமா விருந்துக்காக டென்ட் அடித்திருந்தோம். அஸருக்குப் பிறகு வீசிய காற்றில் ஒரு பக்கத்து முளைகள் கழன்று, கூடாரம் தூக்கியெறியப்பட்டது. விருந்தாளிகளில் பெரும்பாலானோர் அப்போது வந்திருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஏணியில் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்த எங்கள் பையன் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. இரும்புக் குழாய் ஒன்று விருந்தாளி ஒருவரின் காரில் விழுந்தது. டென்ட் இரண்டும், விளக்குகளும், மேடையின் கண்ணாடி வேலைகளும் நாசமாயின.

மறுநாளே காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தேன். வந்த மதிப்பீட்டாளர் மரியாதையான மனிதர். பத்திரத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். "காப்புறுதி செய்யப்பட்ட இடம்" என்பதற்கு நேராக எங்கள் களஞ்சியத்தின் விலாசம் இருந்தது. அந்த நான்கு சுவருக்குள் இருக்கும்போது மட்டுமே சாமானுக்குக் காப்பு. அடுத்த பக்கத்தில் இன்னொரு நிபந்தனை: திறந்தவெளியில் உள்ள பொருட்களுக்கும் மறைப்புத் துணிகளுக்கும் புயற்சேதம் சேராது. ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையது. எங்கள் சாமான் உழைப்பது வெளியில் இருக்கும்போதுதான், ஆபத்தும் அங்கேதான். களஞ்சியத்தில் இருக்கும் நேரம் அது தூங்கும் நேரம். நான் தூங்கும் நேரத்துக்குக் காவல் வைத்துவிட்டு, விழித்திருக்கும் நேரத்தைத் திறந்துவிட்டிருந்தேன்.

வாடகைச் சாமானுக்கு எடுக்க வேண்டியது, நாட்டின் எந்த இடத்தில் இருந்தாலும் பொருந்தும் "சகல இடர்" காப்புறுதி. தீக் காப்புறுதியைவிடக் கட்டுப்பணம் கூடத்தான். டென்டைச் சேர்க்கக் கம்பனிகள் தயங்கும். அப்படிச் சேர்த்தாலும் தனி நிபந்தனை போடும். அதைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். முகவர் வாயால் "அதெல்லாம் சேரும் ஹாஜியார்" என்று சொல்வது நட்டஈடு கேட்கும் நாளில் உதவாது. லொறியின் காப்புறுதியும் அப்படியே. முழுக் காப்புறுதி செய்த லொறி புரண்டால் லொறிக்குப் பணம் வரும். அதில் ஏற்றியிருந்த 500 கதிரைக்கு வராது. ஏற்றிச் செல்லும் பொருளுக்கு வேறாகக் காப்பு வேண்டும்.

காருக்கு என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று இருப்பது அன்று எனக்குத் தெரியாது. நமது தொழிலால் பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ ஏற்படும் பாதிப்புக்குச் சட்டப்படி நாம் கொடுக்க வேண்டியதை அது கொடுக்கும். இங்கே நம்மவர்களிடம் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். "மண்டபக்காரரிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எரிந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். உங்கள் வயரில் ஏற்பட்ட மின்னொழுக்கால் மண்டபம் எரிந்தால், மண்டபக்காரரின் கம்பனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் தான் நின்று அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கலாம். அது அவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. மண்டபக்காரர் உங்கள் சாச்சாவின் மகனாக இருந்தாலும் கம்பனி சொந்தம் பார்க்காது.

சமையல் பொறுப்பெடுப்பவர்கள் இன்னும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண பொதுப் பொறுப்புப் பத்திரத்தில் உணவு நஞ்சாதல் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்காது. கேட்டுச் சேர்க்க வேண்டும். 600 பேருக்குப் புரியாணி அனுப்புபவர் இதை மறந்தால் மற்றக் காப்புறுதிகள் எல்லாம் இருந்தும் பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சமையற்காரர் ஒவ்வொரு வைபவத்திலும் ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துத் திகதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார். பிரச்சினை வந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பார். நல்ல பழக்கம்.

விழுந்த பையனின் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஏழு மாதம் அவனால் வேலை செய்ய முடியவில்லை. அவனுடைய உம்மா கடைக்கு வந்து ஒரு மூலையில் நின்றார். பணம் எதுவும் கேட்கவில்லை. "மகன் இனி ஏணியில ஏறுவானா முதலாளி?" என்று மட்டும் கேட்டார். நான் ஏழு மாதமும் சம்பளம் கொடுத்தேன். அதை அப்போது என் தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். பின்னர் ஒரு சட்டத்தரணி சொன்னார்: 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். நாட்கூலிக்கு வந்தவர், பெயர்ப் பதிவு இல்லாதவர் என்பதால் அந்தப் பொறுப்பு விலகாது. உங்கள் தொழிலுக்காக வேலைக்கு எடுத்தீர்கள் என்பதே போதும். நான் தர்மம் என்று எண்ணியது உண்மையில் கடன்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி சொந்த வேலையாட்களைச் சேர்க்காது. அவர்களுக்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியை வேறாக எடுக்க வேண்டும். வருடத்தில் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கட்டுப்பணம் கணிப்பார்கள். சீசனுக்கு வரும் நாட்கூலிப் பையன்களின் கூலியையும் அந்தக் கணக்கில் காட்டுங்கள். அதை மறைத்து மிச்சம் பிடிப்பது, விழுபவன் நாட்கூலிக்காரனாக இருந்தால் உங்கள் தலையிலேயே விடியும்.

இனி இரண்டாவது அடி. முதல் பாடத்தைக் கற்றபின் பத்திரத்தைத் திருத்தி எழுதினேன். இடத்தைத் திருத்தினேன், பொறுப்பையும் சேர்த்தேன். ஆனால் தொகையைத் திருத்தவில்லை. சாமானின் பெறுமதி 40 இலட்சம். பத்திரத்தில் பழையபடி 20 இலட்சம். "எல்லாச் சாமானும் ஒரே நாளில் அழியப்போவதில்லையே, பாதிக்குப் போதும்" என்பது என் கணக்கு. நம்மில் பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்.

2016 மே மாத மழையில் களஞ்சியத்தின் கீழ்த்தட்டுக்குள் தண்ணீர் வந்தது. துணிகள், மெத்தைக் கதிரைகள், சவுண்ட் பெட்டிகள் என 9 இலட்சம் ரூபா நட்டம். காப்புறுதி 20 இலட்சத்துக்கு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். மதிப்பீட்டாளர் வந்து, பேச்சோடு பேச்சாக, "முதலாளி, உங்களிடம் உள்ள சாமான் மொத்தமும் எவ்வளவு பெறும்?" என்று கேட்டார். நான் பெருமையோடு, "நாற்பதுக்குக் குறையாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு பதிலில் என் நட்டஈடு பாதியானது.

கணக்கு இதுதான். 40 இலட்சச் சாமானை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர் என்று பத்திரம் கருதும். எனவே எந்த நட்டத்திலும் பாதியை நீங்கள் தாங்க வேண்டும். 9 இலட்சத்தில் 4½ இலட்சம். அதிலும் "எக்ஸஸ்" என்று அவர்கள் சொல்லும் முதற்பகுதியைக் கழித்துத்தான் கைக்கு வரும். ஆங்கிலத்தில் "அவரேஜ்" என்று ஒரு சிறு பந்தியாக இது இருக்கும். என்னுடைய பத்திரத்தில் நான்காம் பக்கத்தில் இருந்தது.

பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். குறைத்துச் சொல்லியிருந்தாலும் அவர் களஞ்சியத்தை எண்ணியிருப்பார், பில்களைக் கேட்டிருப்பார். பொய் பிடிபட்டால் முழு நட்டஈட்டையும் மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். அதுவும் ஒரு பக்கம் இருக்க, அமானிதத்தைப் பற்றிப் பேசுகின்ற நாம் அந்த யோசனைக்கே இடம் கொடுக்கக்கூடாது.

இந்த விடயம் இன்று எல்லோருக்கும் பொருந்துகிறது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. அதே வருடம் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. நமது டென்ட் துணி, எல்.ஈ.டி. விளக்கு, சவுண்ட் சாமான் எல்லாம் இறக்குமதி. 2021 இல் சரியான தொகைக்குக் காப்புறுதி செய்தவர், அதன்பின் ஒரு கதிரைகூட வாங்காமலேயே இன்று குறைவாகக் காப்புறுதி செய்தவராகிவிட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கிச் சென்ற பின்னராவது பத்திரத்தை எடுத்துத் தொகையைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய இலக்கம் இருந்தால் உடனே கம்பனிக்குப் போங்கள்.

கலவரம் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தீக் காப்புறுதியில் கலவரக்காரர் வைத்த தீ சேராது. வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான காப்பை மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே மாதம் வடமேல் மாகாணத்திலும் நடந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுப்பிக்கும்போது கட்டணத்தைக் குறைப்பதற்காக முதலில் இதை வெட்டுபவர்களும் நம்மவர்களே என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

வைபவம் இரத்தானால் என்ன என்று பலர் கேட்கின்றனர். 2019 ஏப்ரல் 21 இன் பின்னரும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் கலியாணங்கள் நின்றன. சாமானுக்கு எடுத்த காப்புறுதி அதற்கு உதவாது. பொருளுக்குச் சேதமில்லை, வருமானத்துக்குத்தான் சேதம். அதற்கு மருந்து பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. வைபவம் பிற்போடப்பட்டால் முன்பணம் என்னாகும், இரத்தானால் எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்படும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டவர்கள் 2020 இல் சொந்தத்தையும் இழந்தார்கள், பணத்தையும் இழந்தார்கள்.

காப்புறுதி கூடுமா என்ற கேள்வியோடு ஒதுங்கியிருந்தவர்களுக்கு, 1999 இல் அமானா தக்காபுல் நமது நாட்டில் தொடங்கியதிலிருந்து ஒரு வழி இருக்கிறது. மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வியாபாரி. வியாபாரியாகச் சொல்வது ஒன்று. தக்காபுல் என்றதும் பத்திரத்தை வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். இடம், தொகை, விலக்குகள், எக்ஸஸ் ஆகிய எல்லாவற்றையும் அதிலும் பார்க்க வேண்டும்.

எங்கள் பத்திரம் இப்போது வருடாவருடம் ஜனவரியில் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு முந்திய வாரம் ஒரு நாள் கடையை மூடி, சாமானை எண்ணி, அன்றைய விலையைப் போட்டுத் தொகையைத் திருத்துகிறோம். லொறி வெளியேறும் ஒவ்வொரு தடவையும் சாமான் பட்டியல் இரண்டு பிரதி. ஒன்றில் வீட்டுக்காரரின் கையொப்பம். அன்று விழுந்த பையன்தான் இப்போது அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பு. ஏணியில் அவன் ஏறுவதில்லை. கடைசியாக எண்ணியபோது 14 சஹன் குறைவு என்று வந்து சொன்னான். எந்தக் கலியாண வீட்டில் இருக்கிறதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு எந்தக் கம்பனியும் நட்டஈடு தராது.