ஆட்குறைப்பில் வெளியேறுவது யார்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆட்களைக் குறைக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டென்றால் யாரைக் குறைப்பது என்பதும் அதன் விருப்பம்தான் என்று தொழிலாளர்கள் பலர் நம்புகின்றனர். இந்தியச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. எத்தனை பேர் மிகை என்பதைக் கணக்கிடுவது நிர்வாகம். அந்த எண்ணிக்கைக்குள் யார் வருவார் என்பதற்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, ஒரு விதி உண்டு: ஒரே பணிவகையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25ஜி பிரிவாக இருந்த இவ்விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் நீடிக்கிறது.

இதை அறிந்தவர்களிடம் வேறொரு தவறான நம்பிக்கை காணப்படுகிறது: சீனியாரிட்டி இருந்தால் எவராலும் அசைக்க முடியாது என்பது. சட்டம் ‘சாதாரணமாக’ என்றுதான் சொல்கிறது. மூத்தவரை அனுப்பி இளையவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்தக் காரணம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிய வழக்குகளுள் ஒன்று சென்னையிலிருந்தே சென்றது. ‘சுதேசமித்திரன்’ நாளிதழ் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர்களுக்கும் இடையிலான வழக்கில் 1960இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திறமைக் குறைவையோ ஒழுங்கீனத்தையோ காரணம் காட்டும் நிர்வாகம் அதை நம்பத்தக்க சான்றால் நிறுவ வேண்டும், அச்சான்று முடிந்தவரை அவரது பணிப் பதிவிலேயே இருக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது. நியாயம் தங்கியிருப்பது இங்கேதான். பல ஆண்டுகள் குறையேதும் குறிக்கப்படாத ஒருவரின் கோப்பில், ஆட்குறைப்புக்கு முந்தைய வாரம் திடீரென முளைக்கும் மோசமான மதிப்பீட்டை நடுநிலையாளர் எவரும் சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

பணிமூப்பை நிறுவனம் முழுவதற்கும் ஒரே வரிசையாகக் கணக்கிடுவதும் தவறு. பன்னிரண்டு ஆண்டு பணியாற்றிய ஃபிட்டரை, மூன்று ஆண்டு பணியாற்றிய எழுத்தருடன் ஒப்பிட முடியாது. ஃபிட்டரை ஃபிட்டருடனேயே ஒப்பிட வேண்டும். இதற்காகவே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1957ஆம் ஆண்டின் மத்திய விதிகள், அந்தப் பணிவகையின் பணிமூப்புப் பட்டியலை ஆட்குறைப்புக்கு ஏழு நாளாவது முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லின. சேர்ந்த தேதி தவறாக இருந்தால், பாதிக்கப்படுபவர் வேலை போவதற்கு முன்பே அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

இழப்பீடு கொடுத்துவிட்டால் தேர்வைக் கேள்வி கேட்க முடியாது என்பதும் பரவலான எண்ணம். ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஆகியவை ஒரு நிபந்தனை. வரிசைப்படி தேர்ந்தெடுப்பது இன்னொன்று. முன்னதை நிறைவேற்றியதால் பின்னது தீர்ந்துவிடாது. இவை தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு என்றாலும், ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பதவிப் பெயர் மட்டுமே ஒருவரைச் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிடாது. அவர் அன்றாடம் செய்யும் வேலையின் தன்மையே கணக்கு.

வெளியேறியதோடு உறவு அறுந்தது என்பதும் சரியல்ல. மீண்டும் ஆள் எடுக்கும்போது, ஆட்குறைப்பில் போனவர்களுக்கு நிர்வாகம் வாய்ப்பளித்து முன்னுரிமை தர வேண்டும். பழைய சட்டம் இதற்குக் கால வரம்பு வைக்கவில்லை. புதிய தொகுப்பு ஓராண்டு என்று சுருக்கிவிட்டது. வேலையிழந்தவருக்கு இது உண்மையான இழப்பு. அந்த ஓராண்டுக்குள் அதே வேலைக்குப் புதியவர் ஒருவர் அமர்த்தப்பட்டால், பழையவர் தம் முன்னுரிமையைக் கோரலாம்.