தைராய்டு குறைவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பி, உடலின் உயிரணுக்கள் எந்த வேகத்தில் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் தைராக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் சுரப்பு போதாமல் போகும் நிலையே தைராய்டு குறைவு எனப்படுகிறது. எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினரிடம் இக்குறை இருப்பதாகக் கண்டது. இவ்வளவு பரவலான நோயைச் சுற்றி நம்பிக்கைகள் திரள்வது இயல்பே. அவற்றுள் முட்டைக்கோசைப் பற்றியவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆய்வக அறிக்கையையும் மாத்திரையையும் பற்றியவையே நோயாளிகளுக்கு உண்மையான கேடு விளைவிக்கின்றன.

நம்பிக்கை: டி.எஸ்.எச். அளவு வரம்பைத் தாண்டினால் நோய், வரம்புக்குள் இருந்தால் நலம்

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டுவதற்காகச் சுரக்கும் ஹார்மோன் அது. இரத்தத்தில் தைராக்சின் குறைந்ததைப் பிட்யூட்டரி உணர்ந்தால் டி.எஸ்.எச். கூடுகிறது, மிகுந்ததை உணர்ந்தால் குறைகிறது. இந்த எதிர்வினை மிகக் கூர்மையானது என்பதால், தைராக்சின் பாதியாகக் குறையும்போது டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை உயரக்கூடும். சுரப்பியின் சிறு தளர்ச்சியையும் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதால்தான் மருத்துவர்கள் இச்சோதனையை முதலில் நாடுகின்றனர். ஆனால் அதே கூர்மையின் காரணமாக, நோயல்லாத வேறு காரணங்களாலும் அந்த எண் அசைகிறது. டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழ்வதால், ஒரே மனிதரிடம் காலையில் எடுத்த இரத்தமும் மாலையில் எடுத்த இரத்தமும் வெவ்வேறு எண்களைத் தருகின்றன. கடும் நோயிலிருந்து தேறிவரும் வாரங்களில் அது தற்காலிகமாக உயர்ந்து பின்னர் தானே இறங்குகிறது.

முடி உதிர்வுக்கென்று கடைகளில் விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இன்னொரு குழப்பத்தை உண்டாக்குகின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டினே போதுமானதாக இருக்க, இம்மாத்திரைகள் பலவற்றில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை, அதாவது தேவையைப் போல் சில நூறு மடங்கு உள்ளது. ஆய்வகக் கருவிகள் சிலவற்றின் அளவீட்டு முறையிலேயே பயோட்டின் ஓர் அங்கமாக இருப்பதால், டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைராக்சின் பொய்யாக மிகுந்தும் பதிவாகி, தைராய்டு குறைவுள்ளவரே தைராய்டு மிகையுள்ளவர் போல அறிக்கையில் தோற்றமளிக்க நேரிடுகிறது. தைராய்டு குறைவின் அறிகுறிகளுள் முடி உதிர்வும் ஒன்று என்பதால், சோதனைக்கு அனுப்பப்படுபவர்களில் பலர் ஏற்கெனவே இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை எதிர்பார்க்கவே வேண்டும். சோதனைக்கு இரண்டு நாள் முன்னரே அதை நிறுத்தச் சொல்வதும், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கேட்டறிவதும் இதற்காகவே.

பெரும்பாலான ஆய்வகங்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. டி.எஸ்.எச். இந்த வரம்பைச் சற்றே தாண்டியிருக்க, தைராக்சின் இயல்பாகவே இருக்கும் நிலையை மருத்துவர்கள் வெளித்தெரியாத் தைராய்டு குறைவு என்பர். இந்நிலையில் உள்ளவர்கள் பலரிடம் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் செய்யும் மறுசோதனையில் எண் தானாகவே இறங்கியிருக்கும் என்பதால், ஒரே ஓர் அறிக்கையை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவது அவசரமாகும். எண் 10ஐத் தாண்டினாலோ, கருவுற்றிருந்தாலோ, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்து அறிகுறிகளும் தெளிவாக இருந்தாலோ சிகிச்சைக்கான நியாயம் வலுக்கிறது. முதியவர்களிடம் டி.எஸ்.எச். வயதோடு சற்று உயர்வதே இயல்பு; 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், மாத்திரை பெற்றவர்களுக்கும் போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வேறுபாடு தென்படவில்லை. மாறாக, தேவைக்கு மீறிய தைராக்சின் முதியவர்களின் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கவும் எலும்பை மெலியச் செய்யவும் வல்லது.

இந்த நம்பிக்கையின் மறுபாதி, அதாவது எண் வரம்புக்குள் இருந்தால் நோயில்லை என்பது, அரிதாகவே பொய்க்கிறது எனினும் பொய்க்கும்போது உயிருக்கே ஆபத்தாகிறது. பிரசவத்தின்போது மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டால், கருவுற்ற காலத்தில் பருத்திருந்த பிட்யூட்டரி இரத்தம் கிடைக்காமல் அழிந்துபோகக்கூடும்; கிளாஸ்கோ நகரின் நோய்க்குறியியலாளர் ஹெரால்டு ஷீஹன் 1937இல் விவரித்த இந்நோய் அவர் பெயராலேயே ஷீஹன் நோய் என்று அழைக்கப்படுகிறது. இவர்களிடம் டி.எஸ்.எச். சுரக்க வேண்டிய சுரப்பியே செயலற்றிருப்பதால், தைராக்சின் வெகுவாகக் குறைந்திருந்தும் டி.எஸ்.எச். இயல்பாகத் தோன்றும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்ப்பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, ஓயாத சோர்வு உள்ளது என்று ஒரு பெண் கூறும்போது, டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து நலம் என்று அனுப்பிவிடுவது பல ஆண்டு கால நோய்க்கு வழிவகுக்கும். அவருக்குச் சிகிச்சை தொடங்கும்போதும் வரிசை முக்கியமானது: அட்ரீனல் சுரப்பியிலிருந்து வர வேண்டிய கார்ட்டிசாலும் அவரிடம் குறைந்திருக்கும் என்பதால், அதை முதலில் ஈடுசெய்யாமல் தைராக்சினைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நம்பிக்கை: உடல் பருமனுக்குத் தைராய்டே காரணம்

தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ அளவில் நிற்பது. அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும்தான். மாத்திரை தொடங்கியபின் அந்தச் சில கிலோ குறையலாம். இருபது முப்பது கிலோ மிகையைத் தைராய்டின் தலையில் கட்டுவதற்கு மருத்துவச் சான்று ஏதுமில்லை.

நம்பிக்கை: மாத்திரையைத் தொடங்கினால் உடல் அதற்கு அடிமையாகிவிடும், எண் சரியானதும் நிறுத்திவிடலாம்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1891இல் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவால் முற்றிலும் தளர்ந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். பின்னர் அச்சாற்றை வாய்வழியே உட்கொண்டு வந்த அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் காலமானார். அதற்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்றைய லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது, மனிதச் சுரப்பி உண்டாக்கும் அதே மூலக்கூறு. குறைந்துபோன ஒன்றை ஈடுசெய்வதை அடிமைத்தனம் என்று கூறுவது பொருந்தாது. பெரும்பாலோரின் நோய்க்குக் காரணம், ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் விவரித்த, உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டை அழிக்கும் அழற்சி என்பதால், அவர்களுக்கு எண் சரியானது மாத்திரையின் பயனாலேயே அன்றிச் சுரப்பி குணமானதால் அன்று. பிரசவத்திற்குப் பின்வரும் தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகள் மட்டும் தற்காலிகமானவையாக இருக்கக்கூடும். யாருக்கு நிறுத்திப் பார்க்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை பயனளிக்கவில்லை என்று தோன்றும்போது, அளவைக் கூட்டுவதற்கு முன் அது உட்கொள்ளப்படும் விதத்தை விசாரிப்பதே முறை. விடிந்ததும் காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்தின் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலேயே போகிறது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் சிற்றுண்டியும் எடுத்துக்கொள்ள வேண்டும். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும் என்பதால், ஒரு நாள் மறந்தால் பெரிய தீங்கு நேராது. அளவை மாற்றிய இரண்டாம் வாரத்திலேயே மறுசோதனை செய்வதும் அதே காரணத்தால் வீண். ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தால்தான் எண் நிலைகொள்ளும்.

நம்பிக்கை: முட்டைக்கோசு, கம்பு, அயோடின் கலந்த உப்பு ஆகியவை ஆகாது

முட்டைக்கோசு, காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு, கம்பு ஆகியவற்றில் தைராய்டின் செயலைத் தடுக்கவல்ல பொருள்கள் உள்ளன என்பது மெய். ஆயினும் அயோடின் பற்றாக்குறை நிலவி, இவற்றுள் ஒன்றே முதன்மை உணவாகவும் இருந்த பகுதிகளிலேயே அவை நோய்க்குத் துணைபோயின. வாரத்தில் ஓரிரு நாள் சமைத்து உண்ணும் கோசுப் பொரியலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உப்பைப் பற்றிய அச்சமோ அவ்வளவு எளிதாகக் கடந்துபோகத் தக்கதன்று. இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையை வெகுவாகக் குறைப்பதை நிறுவியது. அந்த அடித்தளத்தின் மீதே நாடு தழுவிய உப்புத் திட்டம் எழுந்தது. இயற்கையானது என்ற பெயரில் இந்துப்புக்கு முற்றிலும் மாறும் குடும்பங்கள், தேவையான அளவு அயோடின் இல்லாத உப்புக்கே திரும்புகின்றன.

நம்பிக்கை: கருவுற்றதும் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்

இந்த வரிசையில் இதைவிடக் கேடான நம்பிக்கை வேறில்லை. கருவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆம் வாரத்தில்தான் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை கருவின் மூளை வளர்ச்சி முழுவதும் தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. ஆகவே மாத்திரையை நிறுத்துவது ஒருபுறமிருக்க, அதன் அளவைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும். கருவுற்றது உறுதியான உடனேயே வாரத்துக்கு இரண்டு மாத்திரைகளைக் கூடுதலாக உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பதால், காலையில் தைராக்சினை உட்கொண்டு நான்கு மணி நேரம் கழிந்தபின், பகலுணவை ஒட்டியோ இரவிலோ அவற்றை எடுத்துக்கொள்ளுமாறு கிராம சுகாதாரச் செவிலியரே சொல்லிக் கொடுத்தால், அளவை அடிக்கடி மாற்ற வேண்டிய தேவை பெரிதும் குறையும்.