பழம்பொறிக்குப் புத்துயிர்

பல வீடுகளின் பரண்களிலும் பள்ளிகளின் மூலை அறைகளிலும் பழைய கணினிகள் தூசு படிந்து கிடப்பதைக் காண்கிறோம். அவற்றுட் பல பழுதுற்றவை அல்ல. புதிய மென்பொருள்களின் பளுவைத் தாங்க இயலாமையால் ஒதுக்கப்பட்டவை. காளைப் பருவத்தார் சுமக்கும் மூட்டையைச் சுமக்கவில்லை என்று முதியவர் ஒருவரை வீட்டைவிட்டு விலக்குதல் முறையாகுமா? அவர் தோளுக்கேற்ற பணியைத் தருவதன்றோ அறிவுடைமை! கணினிக்கும் இது பொருந்தும்.

கணினியின் உறுப்புகள் உடல் போன்றவை; அவற்றை இயக்கும் இயங்குதளம் உயிர் போன்றது. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு அளித்த இயங்குதளம் டாஸ் என்பதாகும். கருந்திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டால் அது அப்பணியைச் செய்யும். முடித்தபின் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

பின்னர் விண்டோஸ் செல்வாக்குற்றது. டாஸுக்கு இனி எதிர்காலம் இல்லை என்னும் நிலை 1994ஆம் ஆண்டில் தோன்றியது. அப்பொழுது அமெரிக்க நாட்டில், விஸ்கான்சின் மாநிலத்து ரிவர் ஃபால்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற ஜிம் ஹால் என்னும் மாணவர், வருந்தி வாளா இருந்தாரல்லர். யாவரும் விலையின்றிப் பெறத்தக்க ஒரு டாஸை நாமே படைப்போம் என்று அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் அறிவித்தார். பாட் வில்லானி அதன் கருநிரலை அளித்தார். டிம் நார்மன் கட்டளைகளை ஏற்றுச் செயற்படுத்தும் நிரலை எழுதினார். பலர் கைகொடுத்தனர். 12 ஆண்டு உழைப்பின் பயனாக, 2006ஆம் ஆண்டில் ஃப்ரீடாஸ் 1.0 வெளிவந்தது. 2025ஆம் ஆண்டில் 1.4 பதிப்பும் வந்துள்ளது.

இவ்வியங்குதளத்தின் சிறப்பு அதன் சிக்கனமே. 640 கிலோபைட் நினைவகமுடைய பழம்பொறியிலும் இதனை இயக்கலாம். 2021இல் வந்த விண்டோஸ் 11 வேண்டுவதோ குறைந்த அளவு 4 கிகாபைட். அஃதாவது 6,500 மடங்கிற்கும் மேல்! வேண்டாத பகுதிகளை நீக்கிக் கருநிரலையும் கட்டளை நிரலையும் மட்டும் ஒரு நெகிழ்வட்டில் வைத்தாலும் கணினி விழித்தெழும். சுட்டெலி வேண்டுமாயின் அதற்குரிய இயக்கியைச் சேர்க்கலாம், வேண்டாவெனில் விடுக்கலாம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆயினும் குணம் நாடுவோர் குற்றமும் நாடல் வேண்டும். டாஸ் ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்யும். ஒரு நிரல் தவறினால் பொறி முழுவதும் நின்றுவிடக்கூடும். ஒருவர் கோப்பைப் பிறர் காணாவண்ணம் காக்கும் பூட்டும் அதில் இல்லை. ஆதலின் கடிதம் எழுதுதற்கும், நிரலாக்கம் பயில்தற்கும், பழைய கோப்புகளைத் திறந்து படித்தற்கும் அது தக்கது; பணம் செலுத்துதற்கும் மறைபொருள் காத்தற்கும் தகாது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய தளங்களைக் குறைத்து ஆள்வோரும் ஒன்றை நினைவிற்கொள்க. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014இல் நிறுத்தப்பட்டன; காவலற்ற அவ்வீட்டை இணையத் தெருவில் திறந்துவைத்தல் கூடாது. மேலும், பிறர் உடைமையான மென்பொருளைச் சிதைத்துப் பகிர்தல் முறையன்று. ஃப்ரீடாஸோ குனூ பொது உரிமத்தின்கீழ் அமைந்தமையால், அதனைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுண்டு.

பழைய கணினியின் பற்றாசிலும் படக்குழாய்க் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. குப்பையில் எறிந்தால் அது மண்ணையும் நீரையும் கெடுக்கும். அறிந்து ஆண்டால் ஓர் ஏழை மாணவனுக்கு எழுதுபலகையாகும். எறிவதற்குமுன், 'இதற்கேற்ற பணி யாது?' என ஒருமுறை எண்ணுவோமாக. புதியதை வாங்கப் பொருள் போதும்; உள்ளதை ஆள அறிவு வேண்டும்.