அழிக்கும் வரை பில் ஓடும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம். அத்தாவின் கார்டில்தான் அமேசான் கிளவுட் கணக்கைத் திறப்பார்கள் என்பதால் வீட்டாரும் படிக்கலாம்.

அதற்கென பைத்தானில் உள்ள நூலகம் போட்டோ3. நிழற்படமல்ல, அமேசான் ஆற்று ஓங்கிலின் பெயர். இதைக் கொண்டு மும்பை மையத்தில் டேட்டாபேஸை உருவாக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் ஆளுக்கொரு கட்டளை போதும்.

நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். நிறுத்திய டேட்டாபேஸ் 7 நாள் கழித்துத் தானே மறுபடி ஓடத் தொடங்கும். நின்றிருக்கும் நாட்களிலும் சேமிப்பு இடத்துக்குக் கட்டணம் உண்டு. பரீட்சை முடிந்து பிள்ளை மறந்துவிடுவான். இலவசச் சலுகை தீர்ந்ததும் பில் ஏறலாம். ஆகவே புராஜெக்ட் முடிந்தால் அழித்துவிடுவதே மேல். அழிக்கும் கட்டளையில் கடைசி நகல் வேண்டுமா, வேண்டாமா என்று நாமே குறிப்பிட வேண்டும். தனியாக நகல் எடுத்து வைக்காமல் ‘வேண்டாம்’ என்றால், போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கணக்கின் ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்க ஏற்றுவது. கண்டெடுத்தவர் நம் செலவில் சர்வர் ஓட்டுவார். சாவி கணினியில் தனிக் கோப்பில் இருக்கட்டும்; போட்டோ3 அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அத்தாவுக்கும் போகும்படி இன்றே வையுங்கள்.