இரண்டு ஊசியும் ஒரு நூலும்: கைப்பின்னல் பழகுவோருக்கு முதற்பாடம்

பாவும் ஊடையும் அறிந்த நம் அங்கத்தினர்களுக்குக் கைப்பின்னல் எளிதில் வந்துவிடும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அனுபவம் வேறாக இருந்தது. தறியில் தேறிய கை, ஊடையை நெருக்கி அடித்துப் பழகிய கை; நூல் தளர்ந்து கிடப்பதை அது பொறுக்காது. பின்னலிலோ தளர்ச்சி வேண்டும். கண்ணியை இறுக்கிவிட்டால் அடுத்த வரிசையில் ஊசி உள்ளே நுழையாது. ஆகையால் நெசவாளர் இங்கே முதலில் கற்கவேண்டியது, இறுக்காமல் இருப்பதைத்தான்.

தறித்துணியில் நூற்றுக்கணக்கான பாவிழைகள் நீளவாட்டில் நிற்க, ஊடை குறுக்கே ஓடுகிறது. பின்னலில் உள்ளது ஒரே நூல். அது வளைந்து வளைந்து கண்ணிகளாகி, கீழ்வரிசைக் கண்ணிக்குள் மேல்வரிசைக் கண்ணி புகுந்து நிற்கிறது. இழுத்தால் வளைவு நிமிர்ந்து துணி நீளும், விட்டால் சுருங்கும். இதைப் பார்க்க வெகுதூரம் செல்லவேண்டாம். திருப்பூர்ப் பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் வரிவரியாகச் சடை பின்னியதுபோல் தெரியும். உட்புறத்தில் குறுக்கே சிறுசிறு மேடுகள் தெரியும். சடையாகத் தெரிவது ‘நிட்’. மேடாகத் தெரிவது ‘பர்ல்’. இரண்டும் ஒரே கண்ணியின் முகமும் முதுகும். இதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்க்குப் பாதி பாடம் முடிந்தது.

பழகுவதற்கு வெளிர்நிறமான தடித்த கம்பளி நூல் நல்லது. கம்பளிக்கு நெகிழ்ச்சி உண்டு. கையின் குற்றத்தைச் சற்றுப் பொறுக்கும். பருத்தி நூல் பொறுக்காது. ஊசி 8-ஆம் எண் போதும். அது 4 மில்லிமீட்டர் கனம். நம் கடைகளில் வழங்கும் பழைய கணக்கில், நூலின் நம்பரைப் போலவே ஊசியிலும் எண் கூடக் கூட கனம் குறையும்.

நூல் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இட ஊசியில் ஏற்றுங்கள். வெறும் ஊசி வலக்கையில் இருக்கட்டும். நூல் பின்புறம் இருக்கவேண்டும். கண்ணியின் இடப்பக்கமாக, முன்னிருந்து பின்னே வல ஊசியைச் செலுத்துங்கள். அதன் முனைக்கு அடியிலிருந்து நூலை மேலே கொணர்ந்து, இரு ஊசிகளுக்கும் நடுவே இறக்குங்கள். அந்தச் சுற்றைக் கண்ணியின் வழியே முன்னுக்கு இழுங்கள். இழுத்த சுற்றை இட ஊசியிலேயே மாட்டிவிட்டால் ஒரு கண்ணி கூடுகிறது. இப்படியே 20 கண்ணிகள் ஏற்றிக்கொள்ளலாம். அதன்பின், இழுத்த சுற்றை வல ஊசியிலேயே வைத்துக்கொண்டு பழைய கண்ணியை இட ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். அதுவே நிட். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கைமாற்றி மறுபடி தொடங்கவேண்டும்.

பர்லுக்கு நூல் முன்புறம் இருக்கவேண்டும். ஊசி வலமிருந்து இடமாகக் கண்ணியின் முன்பக்கம் நுழையும். முனையின்மேல் நூலைச் சுற்றி, பின்னுக்குத் தள்ளி எடுக்கவேண்டும்.

எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னினால் இருபுறமும் மேடுகளுடன், சுருளாமல் கிடக்கும் துணி வரும். ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்றால் பனியனின் துணி. இதன் ஓரங்கள் சுருளும். அது உங்கள் குற்றமன்று. ஒரே வரிசையில் ஒரு நிட், ஒரு பர்ல் என மாற்றி, மேலே மேலே சடையின்மேல் சடையும் மேட்டின்மேல் மேடும் வரச் செய்தால், கழுத்துக்கும் கைமுனைக்கும் ஏற்ற, கவ்விப் பிடிக்கும் துணி கிடைக்கும். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். ஆயினும் இந்தக் கவ்வும் பின்னலை இயந்திரத்துக்குக் கற்பிக்க ஜெடிடையா ஸ்ட்ரட் 1750-களின் இறுதியில் இரண்டாவது ஊசி வரிசை ஒன்றைச் சேர்க்கவேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை சுமார் 170 ஆண்டுகள். நம் கையோ நூலை முன்னும் பின்னும் மாற்றி அதை ஒரு மாலையில் கற்றுவிடுகிறது.

நாம் பின்னிய முதல் துண்டு 20 கண்ணியில் தொடங்கி 27-இல் முடிந்தது. வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசியின்மேல் போட்டுப் பின்னே இழுத்ததால் முதற்கண்ணி இரண்டாகத் தோன்றியது, இரண்டையும் பின்னிவிட்டோம். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போதும் நூலை ஊசிகளின் நடுவே கொண்டுவராமல் மேலே போட்டால் இதே பிழை நேரும். வரிசைதோறும் எண்ணுவதே பரிகாரம்.

குழந்தையின் ஸ்வெட்டருக்கு நூல் வாங்குமுன் மாதிரித் துண்டை அளந்துவிடுங்கள். அங்குலத்துக்கு 5 கண்ணி வந்தால் 24 அங்குலச் சுற்றளவுக்கு 120 கண்ணி. உங்கள் கை தளர்ந்து 4 கண்ணியே வருமாயின், அதே 120 கண்ணி 30 அங்குலமாகும். ஸ்வெட்டர் குழந்தைக்கு ஆகாது, அண்ணனுக்குத்தான் ஆகும். ஆனால் நூல் வீணாவதில்லை. நெய்த துணியில் வெட்டியது வெட்டியதே. பின்னலை நுனியிலிருந்து உருவினால் முழு நூலும் திரும்ப வரும். அந்த ஆதாயத்துக்குள்ளேயே அபாயமும் உண்டு. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அதன்கீழ் உள்ளவை ஏணிப்படிபோல் வரிசையாக அவிழும். உடனே ஒரு குண்டூசியை மாட்டி நிறுத்துங்கள். பின் கொக்கி ஊசியால் ஒவ்வொரு படியையும் கண்ணிக்குள் இழுத்து மேலேற்றலாம்.

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைமேல் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி மறுபடி தாண்டவிடுங்கள். கடைசிக் கண்ணி ஒன்றே மிஞ்சியதும் நூலை அரை முழம் விட்டு அறுத்து, அதன் வழியே இழுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் இறுக்கலாம்.